கதை மாந்தர்களுக்கு ஒரு கேரக்டர் மேப்

பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் அது எப்படி உதவும் என்பது ஓரளவு தெரிந்ததுதான். தமிழ்ப் பாடத்தில் வரும் கதைக்கும் நாவலுக்கும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கைடு வாங்குகிறோம், "பாத்திரப் படைப்பு" என்ற தலைப்பில் உள்ள பத்து வரியை மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். கதையைப் படிக்காமலேயே கதை மாந்தர் பற்றி முழு மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது.

இதற்கு ஒரு எளிய மாற்று வழி இருக்கிறது. கதையில் வரும் ஆட்களைப் பெட்டிகளாகவும் அவர்களுக்குள் உள்ள உறவைக் கோடுகளாகவும் வரைவதுதான் அது. ஆங்கிலத்தில் இதைக் "கேரக்டர் மேப்" என்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும் பவர்பாயிண்ட்டோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸோ இதற்குப் போதும். ஆசிரியர்களும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெற்றோரும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம்.

இரண்டு கேரக்டர் மேப்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விண்டோஸிலேயே "கேரக்டர் மேப்" என்ற பெயரில் ஒரு புரோகிராம் இருக்கிறதே, அதுதானா இது என்று கேட்பீர்கள். அது வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் கேரக்டர் என்ற சொல் எழுத்தையும் குறிக்கும், கதாபாத்திரத்தையும் குறிக்கும். விண்டோஸில் இருப்பது எழுத்துகளின் வரைபடம். கீபோர்டில் இல்லாத குறியீடுகளை அதில் தேடி எடுக்கலாம். நாம் வரையப் போவது கதாபாத்திரங்களின் வரைபடம். ஆனாலும் அந்தப் புரோகிராமும் நமக்கு ஓரிடத்தில் உதவப் போகிறது.

ஆட்களை வட்டமாகவும் உறவை அம்புக் குறியாகவும் வரையும் பழக்கம் கதைகளுக்காக மட்டும் வந்ததல்ல. ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1934-ல் அமெரிக்காவில் வெளியிட்ட நூலில் வகுப்பறை மாணவர்களை இப்படி வரைந்து காட்டினார். யார் யாருக்கு அருகில் உட்கார விரும்புகிறார்கள் என்பதை அம்புக் குறிகளாகப் போட்டார். யாரும் தேர்ந்தெடுக்காமல் தனித்து நிற்கும் பிள்ளை யார் என்பது படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கதையிலும் அதே வேலையைத்தான் இந்தப் படம் செய்கிறது. வரியாகப் படிக்கும்போது கண்ணில் படாத ஒன்று, படமாகப் பார்க்கும்போது தெரிகிறது.

எந்தக் கதையை எடுப்பது?

முதல் முயற்சிக்குச் சிறிய கதையாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நமக்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. பழனி மலை அடிவாரத்திலேயே இருக்கிறது.

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு வத்தலக்குண்டு நன்றாகத் தெரியும். மலைப்பாதை தொடங்குவதற்கு முன் வரும் பெரிய ஊர் அதுதான். பஸ் நிற்கும் நேரத்தில் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறோம். ஆனால் இந்த ஊரோடு தொடர்புள்ள மூன்று எழுத்தாளர்களைத் தமிழ் உரைநடையின் வரலாற்றிலிருந்து எடுத்துவிட முடியாது. "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய பி.ஆர். ராஜமய்யர் (1872-1898) இங்கே பிறந்தவர். "மணிக்கொடி" இதழை நடத்திய பி.எஸ். ராமையா இந்த ஊர்க்காரர். "எழுத்து" என்ற பத்திரிகையை 1959-ல் தொடங்கிய சி.சு. செல்லப்பா (1912-1998) இங்கே வளர்ந்தவர்.

செல்லப்பாவின் "வாடிவாசல்" என்ற குறுநாவல் நம் வேலைக்கு மிகவும் பொருத்தமானது. சுமார் நூறு பக்கம்தான். ஒரே நாளில், ஒரே களத்தில் நடக்கும் கதை. ஜல்லிக்கட்டில் காளையைத் திறந்துவிடும் வாசலுக்குத்தான் வாடிவாசல் என்று பெயர். மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்தக் களத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கதை இதுதான். பிச்சி என்ற இளைஞன் பெரியபட்டி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். மருதன் அவனுடன் வருகிறான். பிச்சியின் அப்பா அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரர். காரி என்ற காளை குத்தியதால் உயிரை விட்டவர். அந்தக் காளையை அடக்கத்தான் பிச்சி வந்திருக்கிறான். காரி இப்போது ஜமீன்தாரின் காளை. களத்தில் முருகு என்ற போட்டியாளனும் இருக்கிறான். எல்லாம் பார்த்த ஒரு கிழவர் பிச்சியோடு பேச்சுக் கொடுக்கிறார். கடைசியில் பிச்சி காரியை அடக்கிவிடுகிறான். அவமானப்பட்ட காளை வெறிகொண்டு ஓடுகிறது. ஜமீன்தார் தன் கையாலேயே அதைச் சுட்டுவிடுகிறார்.

பெட்டிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பிச்சி, மருதன், அம்புலி, கிழவர், முருகு, ஜமீன்தார், காரி. ஏழு வருகிறது. "சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒரு பெட்டி வேண்டாமா?" என்று ஒரு மாணவர் கேட்டால், பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "காளை எப்படிக் கதாபாத்திரம் ஆகும்?" என்று இன்னொருவர் கேட்டால் இன்னும் நல்லது. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். பெட்டி போட்டு வைக்கச் சொல்லுங்கள். கோடு வரையும்போது அவர்களே பதில் கண்டுபிடிப்பார்கள்.

பேப்பரில் வரைந்தால் போதாதா?

நியாயமான கேள்வி. முதல் வரைவை பேப்பரில்தான் போட வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்து, பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பெஞ்சின் மேல் நகர்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

கம்ப்யூட்டர் தேவைப்படுவது அதற்குப் பிறகு. கதையில் உறவுகள் மாறிக்கொண்டே இருக்கும். முதல் பக்கத்தில் இருந்த உறவு கடைசிப் பக்கத்தில் இருக்காது. பேப்பரில் வரைந்தால் அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிடும், பழைய படமும் போய்விடும். கம்ப்யூட்டரில் பழையதையும் வைத்துக்கொண்டு அதன் நகலில் மாற்றம் செய்யலாம். இந்த ஒரு வசதிக்காகத்தான் நாம் கம்ப்யூட்டருக்குப் போகிறோம். அலங்காரத்துக்காக அல்ல.

முதல் வேலை: தமிழ் கீபோர்டு

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் தமிழ் 99 கீபோர்டு இருக்கிறது. தனியாக சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம்.

1. ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, "டைம் அண்ட் லாங்குவேஜ்" பகுதிக்குச் செல்லுங்கள்.

2. லாங்குவேஜ் என்ற பிரிவில் "ஆட் எ லாங்குவேஜ்" என்பதைக் கிளிக் செய்து, தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்வு செய்து இன்ஸ்டால் கொடுங்கள்.

3. பிறகு தமிழ் மொழிக்கு உரிய ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, "ஆட் எ கீபோர்டு" மூலம் தமிழ் 99 கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மறுபடி தட்டினால் ஆங்கிலம் வரும்.

இந்த கீபோர்டில் டைப் செய்வது யூனிகோடு தமிழாக வரும். எழுத்துருவாக நிர்மலா யூஐ வைத்துக்கொள்ளலாம். இன்றைய விண்டோஸில் அது கூடவே வருகிறது. பழைய டிடிபி எழுத்துருக்களில் டைப் செய்யாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கம்ப்யூட்டரில் திறந்தால் "பிச்சி" என்ற இடத்தில் ஏதேதோ ஆங்கில எழுத்துகள் நிற்கும்.

இரண்டாவது வேலை: பெட்டிகள்

பவர்பாயிண்ட்டைத் திறந்து, ஹோம் டேபில் உள்ள லேஅவுட் பட்டனை கிளிக் செய்து "பிளாங்க்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒன்றும் இல்லாத வெள்ளை ஸ்லைடு கிடைக்கும்.

இன்சர்ட் டேபில் ஷேப்ஸ் என்பதை கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் முனை மழுங்கிய செவ்வகத்தை எடுத்து ஸ்லைடில் மௌஸால் இழுத்து வரையுங்கள். வரைந்தவுடன் அப்படியே டைப் செய்தால் பெயர் பெட்டிக்குள்ளேயே விழும். "பிச்சி" என்று டைப் செய்யுங்கள். அடுத்த பெட்டிக்கு மறுபடி வரைய வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் கிளிக் செய்து கண்ட்ரோல் கீயுடன் டி எழுத்தை அழுத்தினால் அதே அளவில் இன்னொன்று வரும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அம்புலி இறந்துபோனவர். கதையின் நிகழ்காலத்தில் அவர் களத்தில் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் கதையே இல்லை. அவருடைய பெட்டிக்கு மட்டும் ஷேப் அவுட்லைன் பட்டனில் உள்ள டேஷஸ் பகுதிக்குப் போய் விட்டு விட்டு வரும் கோடு கொடுங்கள். உயிரோடு இல்லாதவர்களுக்கு விட்டு வரும் கோடு என்று வகுப்பில் ஒரு விதி வைத்துக்கொண்டால் எந்த நாவலுக்கும் அது பொருந்தும். ஆளுக்கொரு நிறம் கொடுக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் எடுத்தால் கறுப்பு வெள்ளையில்தான் வரப்போகிறது.

மூன்றாவது வேலை: ஒட்டிக்கொள்ளும் கோடு

புதிதாக வரைகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் சும்மா ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பிறகு பெட்டியை நகர்த்தினால் கோடு அங்கேயே அநாதையாக நிற்கும்.

கோட்டைப் பெட்டியோடு ஒட்டவைக்க வேண்டும். ஷேப்ஸ் பட்டியலில் லைன்ஸ் பகுதியில் உள்ள அம்புக் கோட்டை எடுத்துக்கொண்டு மௌஸை பிச்சி பெட்டியின் அருகே கொண்டுபோங்கள். பெட்டியின் நான்கு பக்கத்திலும் சிறு புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளியின் மேல் மௌஸ் பட்டனை அழுத்தி, அப்படியே இழுத்துக்கொண்டு போய் காரி பெட்டியின் புள்ளியில் விடுங்கள். புதிய பவர்பாயிண்ட்டில் கோட்டின் இரு முனையும் பச்சையாகத் தெரிந்தால் ஒட்டிக்கொண்டது என்று பொருள். பெட்டியை நகர்த்திப் பாருங்கள். கோடும் கூடவே வரும்.

லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ் பயன்படுத்துகிறவர்கள் டிராயிங் டூல்பாரில் "கனெக்டர்" என்ற கோட்டைத் தேர்வு செய்ய வேண்டும். சாதாரண "லைன்" எடுத்தால் ஒட்டாது.

நான்காவது வேலை: கோட்டின் மேல் ஒரு சொல்

கோடு போட்டுவிட்டால் வேலை முடியவில்லை. உண்மையில் பாடமே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சொல்லும் ஒரு பக்க எண்ணும் எழுத வேண்டும். என்ன உறவு என்பதற்கு அந்தச் சொல். அது கதையில் எங்கே தெரிகிறது என்பதற்குப் பக்க எண். பக்க எண் சொல்ல முடியாத கோட்டை அழித்துவிட வேண்டும். இந்த ஒரு விதி போதும், கைடைப் பார்த்து யாரும் வரைய முடியாது.

லிப்ரே ஆஃபீஸில் கோட்டின் மேல் டபுள் கிளிக் செய்தால் அதிலேயே டைப் செய்யலாம். பவர்பாயிண்ட்டில் கோட்டுக்குள் எழுத முடியாது. இன்சர்ட் டேபில் டெக்ஸ்ட் பாக்ஸ் எடுத்துக் கோட்டின் பக்கத்தில் வைக்க வேண்டும். பெட்டி நகர்ந்தால் இந்த டெக்ஸ்ட் பாக்ஸ் கூட வராது. ஆகவே முதலில் பெட்டிகளை இடம் பார்த்து வைத்துவிட்டு, பிறகு சொற்களை எழுதுங்கள்.

அம்புக்கு ஒரு முனையா, இரண்டு முனையா என்பதையும் மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். பிச்சியிலிருந்து காரிக்கு அம்பு போகிறது. "பழி" என்று எழுதுகிறார்கள். சரி, காரியிலிருந்து பிச்சிக்கு அம்பு உண்டா? காளைக்கு இவன் யாரென்று தெரியுமா? தெரியாத ஒன்றின் மேல் பழி தீர்க்க முடியுமா? ஒரு முனை அம்பு போடுவதா, இரு முனை அம்பு போடுவதா என்ற இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். "பழி என்றால் அம்பு ஜமீன்தாருக்குத்தானே போக வேண்டும்? காளை அவருடையதுதானே?" என்று மூன்றாவது கட்சி ஒன்றும் கிளம்பும்.

ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்க வேண்டும். மாணவர்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஒரே வரியை இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவார்கள். இதுவரை கதையைத் திறக்காத பையன் கூட அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பான். கேரக்டர் மேப்பின் பயன் இந்தத் தேடலில்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரே சொல்லை எழுதிவிட்ட கோட்டைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. சொல் ஒத்துப்போகாத கோட்டைச் சுற்றித்தான் கதை இருக்கிறது.

விண்டோஸ் கேரக்டர் மேப்பின் உதவி

மாணவர்கள் நோட்டில் எழுதும் பதிலையே டைப் செய்யும்போது "பிச்சி → காரி", "பிச்சி ↔ மருதன்" என்று சுருக்கமாக எழுத வசதியாக இருக்கும். அம்புக் குறி கீபோர்டில் இல்லையே? இங்கேதான் முதலில் சொன்ன புரோகிராம் உதவுகிறது.

விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்துங்கள். ரன் பாக்ஸ் வரும். அதில் ஆங்கிலத்தில் சார்மேப் (சி, ஹெச், ஏ, ஆர், எம், ஏ, பி) என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கட்டம் கட்டமாக எழுத்துகள் தெரியும். ஃபான்ட் என்ற இடத்தில் ஏரியல் தேர்வு செய்து, கீழே இறங்கிப் போனால் அம்புக் குறிகள் கிடைக்கும். வேண்டியதைக் கிளிக் செய்து செலக்ட் பட்டனையும், பிறகு காப்பி பட்டனையும் அழுத்துங்கள். உங்கள் ஃபைலுக்கு வந்து கண்ட்ரோல் கீயுடன் வி எழுத்தை அழுத்தினால் குறி வந்துவிடும்.

ஐந்தாவது வேலை: ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறும் உறவு

முதல் படம் முடிந்ததும் இடது பக்கத்தில் சிறியதாகத் தெரியும் ஸ்லைடின் மேல் கிளிக் செய்து கண்ட்ரோல் கீயுடன் டி எழுத்தை அழுத்துங்கள். அதே படம் இரண்டாவது ஸ்லைடாக வரும். லிப்ரே ஆஃபீஸில் ஸ்லைடு மெனுவில் "டூப்ளிகேட் ஸ்லைடு" என்று இருக்கும். பெட்டிகளை அசைக்காமல் கோடுகளையும் சொற்களையும் மட்டும் மாற்றுங்கள்.

வாடிவாசலுக்கு நான்கு ஸ்லைடு போதும்.

முதல் ஸ்லைடு, ஆட்டம் தொடங்குவதற்கு முன். பிச்சி வெளியூரான். கூட்டத்தில் யாருக்கும் அவனைத் தெரியாது. கூட்டத்துக்கும் அவனுக்கும் கோடே இல்லை, அல்லது மெல்லிய கோடு. ஜமீன்தாரிலிருந்து காரிக்குத் தடித்த கோடு.

இரண்டாவது ஸ்லைடு, இவன் அம்புலியின் மகன் என்பது கிழவருக்குத் தெரிந்த பிறகு. கிழவருக்கும் பிச்சிக்கும் இடையில் இருந்த கோட்டின் சொல் மாற வேண்டும். கிழவரிலிருந்து அம்புலிக்கும் ஒரு கோடு வருகிறது. இறந்தவரின் பெட்டி இப்போது படத்தின் நடுவுக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும்.

மூன்றாவது ஸ்லைடு, பிச்சி காரியோடு நேருக்கு நேர் நிற்கும் இடம். முருகுவின் கோடு என்ன ஆகிறது? கூட்டத்திலிருந்து பிச்சிக்கு எத்தனை தடிமனாகக் கோடு போடலாம்?

நான்காவது ஸ்லைடு, முடிவு. ஜமீன்தாரிலிருந்து காரிக்குப் போகும் கோட்டில் முதல் ஸ்லைடில் "பெருமை" என்று எழுதியவர்கள் இப்போது என்ன எழுதுவார்கள்? தோற்றது காளை. அடக்கியது பிச்சி. குண்டு பட்டது காளையின் மேல். "கோபம்" என்று ஒருவர் சொல்லலாம். "அவமானம்" என்று இன்னொருவர் சொல்லலாம். "இரக்கம்" என்று ஒரு பெண் மெல்லிய குரலில் சொன்னால் அதையும் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

இப்போது எஃப் 5 கீயைத் தட்டுங்கள். ஸ்லைடு திரை முழுவதும் விரியும். பேஜ் டவுன் கீயை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தால் பெட்டிகள் அதே இடத்தில் நிற்க, கோடுகளும் சொற்களும் மட்டும் மாறும். ஏழு பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இடையில் இருந்தது எல்லாம் மாறிவிட்டது. "பாத்திரப் படைப்பு" என்பதற்குப் பத்து வரியில் சொல்ல முடியாத விளக்கம் இது.

பெரிய நாவல் என்றால்?

பழகியபின் பெரிய கதைக்குப் போகலாம். அதே வத்தலக்குண்டுவைச் சேர்ந்த ராஜமய்யரின் "கமலாம்பாள் சரித்திரம்" 1893 முதல் 1895 வரை "விவேக சிந்தாமணி" இதழில் தொடராக வந்தது. 1896-ல் புத்தகமானது. கணவன் முத்துஸ்வாமி அய்யர், மனைவி கமலாம்பாள், மகள் கல்யாணி, மருமகன் ஸ்ரீநிவாசன், கணவனின் தம்பி சுப்பிரமணிய அய்யர், அவருடைய மனைவி பொன்னம்மாள் என்று உறவுகள் நிறைய. இதை ஒரே படத்தில் அடைத்தால் நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும்.

ஆகவே இரண்டு படம் போடுங்கள். ஒன்று குடும்ப உறவுக்கு. மற்றொன்று வம்புக்கு! இந்த நாவலில் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் "வம்பர் மகாசபை" புகழ்பெற்றது. ஒரு அவதூறு எப்படி வாய்க்கு வாய் போய் ஒரு குடும்பத்தைக் கலைக்கிறது என்பதுதான் கதையின் முக்கிய ஓட்டம். யார் சொன்னார்கள், யார் கேட்டார்கள் என்று அம்பு போட்டுப் பாருங்கள். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சிலர் வம்புப் படத்தில் நடுவில் வந்து நிற்பார்கள். ஒரு பொய் எத்தனை கை மாறியது என்பதை எண்ணிச் சொல்லலாம். மொபைலில் வரும் செய்தியை யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு, நூற்று முப்பது ஆண்டுக்கு முந்தைய இந்தப் படம் தனியாக ஒரு பாடம் சொல்லும்.

1950 முதல் 1954 வரை "கல்கி"யில் வந்த "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகம் கொண்டது. அதற்குப் பாகத்துக்கு ஒரு ஸ்லைடு, அரச குடும்பத்துக்குத் தனி ஸ்லைடு என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஃபைலைப் பத்திரப்படுத்துவது

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழையும் காற்றும் வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது நெட். படம் வரையும் வேலைக்கு இன்டர்நெட் தேவையில்லை என்பது ஒரு வசதி. கரண்ட்டுக்கு மட்டும் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புதிய ஃபைலைத் தொடங்கியவுடன் ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் எழுத்தைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட்டில் ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து, சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் பிடிஎஃப் தேர்வு செய்ய வேண்டும். லிப்ரே ஆஃபீஸில் "எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்" என்று இருக்கும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் எழுத்து மாறாமல் தெரியும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளியிலோ பிரவுசிங் சென்டரிலோ பிரிண்ட் எடுக்கலாம்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

ஆசிரியரோ பெற்றோரோ அழகாக ஒரு படம் வரைந்து பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் அது இன்னொரு கைடு ஆகிவிடும். பத்து வரியை மனப்பாடம் செய்த பிள்ளை இப்போது ஏழு பெட்டியை மனப்பாடம் செய்யும். இன்டர்நெட்டில் தயாராகக் கிடைக்கும் படத்தை இறக்கிப் பிரிண்ட் எடுப்பதும் அப்படித்தான்.

"நல்லவன்", "கெட்டவன்" என்ற சொற்களைக் கோட்டின் மேல் எழுத அனுமதிக்காதீர்கள். அவை ஆளைப் பற்றிய சொற்கள். கோடு இரண்டு பேருக்கு நடுவில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பயம், கடன், நன்றி, பொறாமை, மரியாதை போன்ற சொற்களைத் தேட வையுங்கள். இதனாலேயே பிள்ளைகளின் சொல்வளம் கூடும்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் படத்தின் அழகுக்குப் போடாதீர்கள். பக்க எண்ணைக் காட்டி எத்தனை கோடுகளுக்குக் காரணம் சொல்ல முடிகிறது என்பதைப் பாருங்கள். கோணல் மாணலாக மூன்று கோடு போட்டு மூன்றுக்கும் பக்கம் சொல்லும் மாணவர், வண்ண வண்ணமாகப் பதினைந்து கோடு போட்டவரை விட நன்றாகப் படித்திருக்கிறார்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையின் துணைப்பாடப் புத்தகத்தில் உள்ள ஏதாவது ஒரு சிறிய கதையை எடுங்கள். நான்கு பெட்டி, ஐந்து கோடு என்று தொடங்குங்கள். கம்ப்யூட்டரில் பிள்ளை வரையட்டும். நீங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.